உரிய வழியாக அனுப்பிய மின்னஞ்சல்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் திரு. ஐயம்பெருமாள் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளிச் செயலர் அவர்களே, ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் இருக்கும் திரு. ஞானசம்பந்தன் ஐயா அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, ஸ்ரீவைகுண்டத்துப் பெரியோர்களே, வந்ததிலிருந்து ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருக்கும் மாணவிகளே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் கலையரசி. இந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. நாம் இன்று யாரை நினைத்துக் கூடியிருக்கிறோமோ, அந்த மேல்நிலை இயற்பியல் ஆசிரியை திருமதி கோமு ஞானசம்பந்தன் அவர்களும் நானும் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தோம். நடுவில் ஒரு மர அலமாரி. அதற்கு அந்தப் பக்கம் தராசும் ஊசலும் அவருடையவை. இந்தப் பக்கம் குடுவையும் அமிலமும் என்னுடையவை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று நான் என் பக்கத்துச் சன்னலை மட்டும் திறந்தேன். அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறக்கக் கை வரவில்லை. இன்றுவரை அது மூடியே கிடக்கிறது.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. சங்கத்தில்தான், "நீங்கதான் பேசணும், சனிக்கிழமை தோறும் அவங்ககூட ரயில்ல போனது நீங்கதான" என்று சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் கோமு டீச்சரின் நீண்ட காலப் பணியைச் சொன்னார்கள். கண்டிப்பைச் சொன்னார்கள். அவர் வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால், பெரியோர்களே, ஓய்வுபெற நான்கைந்து ஆண்டுகளே இருந்த ஓர் ஆசிரியை, இனி யார் வந்து நம்மைக் கேட்கப்போகிறார்கள் என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? அவர் ஏன் உட்காரவில்லை? ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு கருவியின் முன்னால், ஒன்றும் தெரியாத மாணவியாக ஏன் போய் அமர்ந்தார்? நான் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதற்குக் காரணம் ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி சுடலைவடிவு. இதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லுங்க டீச்சர், எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான. பேர மட்டும் முழுசா சொல்லுங்க. வடிவுன்னு பாதியில நிப்பாட்டாதிய" என்றாள்.

சுடலைவடிவு பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேரும்போது முதல் பெஞ்சில் இருந்தால் கரும்பலகை தெரியும். அரையாண்டுத் தேர்வு வரும்போது முதல் பெஞ்சிலிருந்தும் தெரியவில்லை. திருநெல்வேலியில் கண் மருத்துவர் பார்த்தார். இது பையப் பையப் போகும், நிறுத்த மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் தந்தை கருத்தையா வாழைத் தோட்டத்தில் கூலிவேலை பார்ப்பவர். அந்த வாரமே மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வந்தார். ஆய்வக வாசலில் நின்றுதான் பேசினார். உள்ளே வரவில்லை.

"கூட்டிட்டுப் போயி என்ன செய்யப் போறிய கருத்தையா?" என்று டீச்சர் கேட்டார்.

"வீட்ல இருப்பா டீச்சர்."

"வீட்ல இருந்து?"

கருத்தையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"மேல் வகுப்புக்கு வந்தாச்சு. இன்னும் ஒரு வருசம். என்கிட்ட விட்டுட்டுப் போங்க. எப்படிச் சொல்லிக் குடுக்கதுன்னு எனக்கும் தெரியாதுதான். தெரிஞ்சுகிடுதேன்."

எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்கிறேன்! முடி நரைத்த ஓர் ஆசிரியை ஒரு கூலித் தொழிலாளியிடம் இப்படிச் சொல்வதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கருத்தையா அண்ணாச்சி இன்றும் வந்திருக்கிறார். பின்னால், தூணருகே. நாற்காலி காலியாக இருக்கிறது அண்ணாச்சி, உட்காருங்கள்.

டீச்சர் விசாரிக்காத இடமில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களைத் தேடிப் போனார். அவர்கள் பிரெயில் என்னும் புள்ளியெழுத்தைக் கற்றுத்தர முன்வந்தார்கள். மேல்நிலை இயற்பியல் செய்முறையை மட்டும் யாரும் செய்து பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னார்கள். அந்தக் கோடையில்தான் பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் என்ற இளைஞர் இணைய மையம் ஒன்று திறந்திருந்தார். ஒரு சின்ன அறை, மூன்று கணினிகள், ஒரு தொலைபேசி இணைப்பு. டீச்சர் உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு தெரியாத பிள்ளைக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கது எப்படின்னு கேட்டா இது சொல்லுமா தம்பி?"

"இங்கன எல்லாரும் சினிமாப் படம் பாக்க வாராவ டீச்சர். நீங்க கேக்கது புதுசா இருக்கு. கேட்டுப் பாப்போம்" என்றார் பாக்கியசீலன்.

கேட்டுப் பார்த்தார்கள். தொலைபேசி இணைப்பு கிடைக்கும், அறுந்து போகும். மின்சாரம் இருக்கும், போகும். ஒரு பக்கம் திரையில் இறங்கி முடிப்பதற்குள் டீச்சர் கொண்டுபோன வினாத்தாள் கட்டில் பாதியைத் திருத்திவிடுவார். கடைசியில் ஒரு குழு அகப்பட்டது. பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், பல நாடுகளிலிருந்து, ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளும் குழு. ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். டீச்சர் அதில் சேர்ந்தார்.

எழுதுவதற்கு விரல் ஓடவில்லை. ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். அது பொறுக்காமல் நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய பழைய மாணவிகள். "டீச்சர், நீங்க எதுக்கு இங்கன?" என்று ஒருத்தி பதறிப்போய் எழுந்தாளாம். "வேற எங்கன போவேன்? ஒரு லெட்டர் அடிச்சு முடிக்கதுக்குள்ள ஊருக்கு வார செந்தூர் பாசஞ்சர் போயிருது. நீ உக்காருளா, உன் மிஷினப் பாரு" என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்துச் சுடலைவடிவையும் அங்கே கூட்டிப்போனார். விசைகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதுதானே அந்தப் பயிலகத்தின் விதி! "இந்த ஊர்ல எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுப் படிக்க ஒரே இடம் இதுதான், இவளுக்கு என்ன குறை?" என்றார். ஆசிரியையைவிட மாணவி முன்னால் தேர்ந்துவிட்டாள்.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கலாம். டீச்சர் இருந்தால் அவரும் சிரிப்பார்.

பள்ளி ஆசிரியர் வெளியே எழுதும் எந்தக் கடிதமும் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். கடிதத்தின் தலையில் 'உரிய வழியாக' என்று எழுதுவோம். அவர் கையெழுத்திட்டு, பள்ளியின் வட்ட முத்திரையும் குத்திய பிறகே அது வெளியே போகும். கோமு டீச்சர் தம் பணிக்காலத்தில் இந்த விதியை ஒருமுறையும் மீறியதில்லை. ஆகவே முதல் மின்னஞ்சலையும் அப்படியே அனுப்பினார். கையால் எழுதினார். மேலே 'உரிய வழியாக' என்று போட்டார். தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோனார். நானும் ஆய்வகப் பொருள்களுக்குக் கையெழுத்து வாங்க அங்கே நின்றேன்.

நம் ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கு டீச்சர்?"

"ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா... இன்னும் நாலஞ்சு நாட்டுக்குப் போகும் சார்."

"ஒரே தாள்லயா?"

"ஆமா சார்."

ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கல்வி ஆபீசுக்கு நகல் போட வேண்டாமா? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"பிசிக்ஸ்தான சார் கேட்டிருக்கேன். நாட்டு ரகசியமா கேட்டிருக்கேன்?"

நெடுநேரம் யோசித்து ஐயா கையெழுத்திட்டார். முத்திரையும் குத்தினார். அந்தச் சனிக்கிழமை டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு பாக்கியசீலனிடம் போனார். எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டுக் கீழே இருந்த முத்திரையைக் காட்டி, "இத எப்படி அனுப்ப?" என்று கேட்டார்.

பாக்கியசீலன் தலையில் கைவைத்துக்கொண்டார். "டீச்சர், இந்தச் சீல டைப் அடிக்க முடியாது. ஈமெயிலுக்கு யாரும் சீல் கேக்க மாட்டாவ. கையெழுத்தும் கேக்க மாட்டாவ. நீங்க பாட்டுக்கு அனுப்பலாம்."

"கையெழுத்து வாங்கியிருக்கேன்லா தம்பி, அதச் சொல்லாம எப்படி விடுகது?" என்று சொல்லிக் கடிதத்தின் முடிவில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'இதைத் தலைமையாசிரியர் ஐயம்பெருமாள் அவர்கள் படித்துப் பார்த்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டிருக்கிறார்.' உலகத்தில் வேறு எந்த மின்னஞ்சலிலாவது அப்படி ஒரு வரி இருக்குமா!

இதனால் என்ன ஆயிற்று? எதற்கும் அவருடைய பதில் உடனே போகாது. யாராவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். மறுநாளே பத்துப்பேர் பதில் எழுதிவிடுவார்கள். டீச்சர் அதைச் சனிக்கிழமை படிப்பார். வீட்டில் உட்கார்ந்து எழுதுவார். ஐயாவின் மேசையில் அது சில நாள் இருக்கும். அடுத்த சனிக்கிழமையோ, அதற்கும் அடுத்ததோ பதில் போகும். அதற்குள் அங்கே பேச்சு வேறெங்கோ போயிருக்கும். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு பழகிவிட்டார்கள். ஒருமுறை கனடாவிலிருந்து ஒருவர், 'நாம் எல்லோரும் அவசரமாக எழுதுகிறோம். திருமதி கோமு யோசித்து எழுதுகிறார். அவர் பதில் வரும்வரை இந்தப் பேச்சை முடிக்க வேண்டாம்' என்று எழுதினார். தாமதம் யோசனையால் மட்டும் வந்ததல்ல என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் உண்மையாகவே காத்திருந்தார்கள்.

அந்தக் குழுவில் டீச்சருக்கு அதிகம் எழுதியவர் மார்கரெட் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியை. இயற்பியல் ஆசிரியைதான். வரைபடம் போடுவது எப்படி என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடித்த ரப்பர் பலகையில் கட்டங்களைக் கீறிக்கொள்ள வேண்டும். அளவுகள் வரும் இடத்தில் குண்டூசி குத்த வேண்டும். குண்டூசிகளைச் சுற்றி ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினால் அதுதான் கோடு. தொட்டுப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று விரலுக்குத் தெரியும். டீச்சர் அந்தப் பலகைக்கு எங்கே போவார்? செருப்புத் தைக்கும் கடையில் போய்ச் செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் ரப்பர் தகடு வாங்கிவந்தார். "என்ன டீச்சர், வீட்லயே செருப்புத் தைக்கப் போறியளா?" என்று கடைக்காரர் கேட்டாராம். அந்தத் தகட்டில்தான் சுடலைவடிவு தன் முதல் வரைபடத்தைப் போட்டாள். ஊசலின் வரைபடம். குத்தி முடித்துவிட்டு விரலை மேலே ஓட்டினாள். "டீச்சர், மூணாவது புள்ளி தப்பு. கோட்டுல உக்கார மாட்டேங்கு. மறுபடி அளக்கணும்" என்றாள். அளந்தோம். தப்புதான்.

ஐப்பசி மழை நாள் ஒன்றில் டீச்சர் மார்கரெட்டுக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். பார்வை முழுவதும் போன பிறகும் ஒருத்தியால் இயற்பியல் படிக்க முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள், ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள் என்று. பதிலை நாங்கள் இருவரும் பாக்கியசீலனின் கடையில் ஒன்றாகப் படித்தோம். மார்கரெட் எழுதியிருந்தார்: 'எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. உங்கள் கடிதங்களை என் கணினி எனக்கு வாசித்துக் காட்டுகிறது. இதுவரை சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. நான் இருபது ஆண்டுகளாக இயற்பியல்தான் கற்பிக்கிறேன்.'

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கணினியின் முன்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

பாக்கியசீலன் திரும்பிப் பார்த்தார். "கரண்ட் போகலியே டீச்சர், எதுக்கு எந்திச்சிட்டிய?"

"பேசாம இரு தம்பி" என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார்.

அன்று திரும்பும் ரயிலில் நான் கேட்டேன். மழை உள்ளே அடிக்கிறது என்று சன்னல் பலகையை இறக்கிவிட்டிருந்தோம். "டீச்சர், இந்தம்மா பதிலுக்கு உடனே நன்றி எழுதிப் போட்டிருக்கலாம்லா? இதுக்கும் சார்ட்ட போயி கையெழுத்து வாங்கணுமா? ஈமெயிலுக்கு அது தேவையில்லன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"மொத மாசமே தெரியும்ளா" என்றார்.

"பெறகு ஏன்?"

"கையெழுத்துப் போடணும்னா அவரு படிச்சாகணும்லா?"

எனக்குப் புரியவில்லை.

"ஏளா கலை, நான் ஒருத்தி மட்டும் படிச்சு என்ன செய்ய? நாளைக்கு இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை வருது. இவளுக்குத் தனியா அனுமதி கேட்டு எழுதுகது யாரு? நானா? அவருதான் எழுதணும். அன்னைக்குப் போயி மொதல்ல இருந்து சொன்னா அவருக்குப் பயம்தான் வரும். இப்பவே ஒண்ணொண்ணா படிச்சிட்டு வரட்டும். அவரு நல்ல மனுசன். தெரியாததுக்குத்தான் பயப்படுவாரு. தெரிஞ்சிட்டா பயப்பட மாட்டாரு."

பெரியோர்களே, நாங்கள் எல்லோரும் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்த செய்தி அது. முத்திரை குத்திய மின்னஞ்சல்! டீச்சர் அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் இணையத்தில் கற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தமக்கு மேலே இருப்பவருக்கும் அவர் அறியாமலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பாடம் வீணாகவும் இல்லை. ஐயா கடிதங்களை வெறுமனே புரட்டவில்லை. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கேள்வி எழுத ஆரம்பித்தார். 'வெப்பமானியை எப்படி வாசிப்பாள்?' என்று ஒருமுறை எழுதியிருந்தார். டீச்சர் அதையும் அடித்து அனுப்பினார். மார்கரெட் அதற்குத் தனியாக, 'அன்புள்ள திரு. ஐயம்பெருமாள்' என்று தொடங்கிப் பதில் எழுதினார். அளவுகளை எடுப்பது, எப்போது எடுப்பது என்று முடிவு செய்வது, கணக்கிடுவது, பிழையைக் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் அறிவின் வேலை. எண்ணை வாசித்துச் சொல்வது மட்டும்தான் கண்ணின் வேலை. அதற்கு ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று. அதன் பிறகு திங்கட்கிழமைகளில் ஐயா வராந்தாவில் டீச்சரைப் பார்த்தால், "எனக்கு ஏதும் எழுதியிருக்காவளா?" என்று கேட்பார். நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

மார்கழி பிறந்தது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவார். சுடலைவடிவு தன் ரப்பர் பலகையையும் விரலால் தொட்டு எண்ண முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றையும் பயன்படுத்தலாம், அளவை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் உடனிருக்கலாம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை டீச்சர் எழுதி ஐயாவிடம் கொடுத்தார். தலைமையாசிரியரின் பரிந்துரை இல்லாமல் அது போகாது.

அந்தத் தாள் மட்டும் திரும்பி வரவில்லை.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் காரணங்கள் இருக்கின்றன. நம் பள்ளி வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்ற பலகை இருக்கிறது. ஊருக்கே அதில் பெருமை. அந்தப் பெண் தவறினால் பலகையை மாற்றி எழுத வேண்டும். ஐயா இந்த மே மாதம் ஓய்வுபெறுகிறார். "கடைசி வருசம் டீச்சர். இதுவரைக்கும் ஒரு பேச்சு வாங்காம வந்துட்டேன். அவ வரலாறு பிரிவுக்குப் போயி அடுத்த வருசம் எழுதட்டுமே" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. டீச்சரும் வாதாடவில்லை. "பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஆய்வகத்துக்கு வந்து பலகையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார். சுடலைவடிவு அடுத்த பாடவேளைக்கு வந்ததும் மறுபடியும் குத்தச் சொன்னார்.

போகிக்கு முந்திய நாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது அதிகம் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஞானசம்பந்தன் ஐயா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பைப் பற்றிச் சொல்வார் என்று குனிந்தேன்.

"சார் கையெழுத்துப் போட்டாராளா?"

"இன்னும் இல்ல டீச்சர்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"போடுவாரு" என்றார். "படிச்சிருக்காருல்லா."

நான் அவர் வாயால் கேட்ட கடைசிச் சொல் அதுதான். பொங்கலுக்கு மறுநாள் அவர் போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் டீச்சர் பாளையங்கோட்டைக்குப் போவதற்காக ஞானசம்பந்தன் ஐயாதான் விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, புளிச்சாதமோ தயிர்ச்சாதமோ கட்டிக்கொடுப்பார். எனக்கும் சேர்த்துத்தான். போன வாரம் துக்கம் கேட்கப் போனபோது அவர் சொன்னார், "சனிக்கிழமையும் எந்திச்சிட்டேன்மா. அரிசியக் களைஞ்சு உலையில போட்ட பெறகுதான் ஞாபகம் வந்துச்சு." அந்தச் சோற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கோமு டீச்சர் அவர்களே! நீங்கள் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். இறந்தவர்கள் எங்கிருந்தோ நம்மைப் பார்க்கிறார்கள் என்று நம்ப எனக்கு ஆசைதான், நம்பிக்கை வரவில்லை. ஆகவே என் உறுதிமொழியை உங்களிடம் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் சுடலைவடிவிடம் சொல்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பக்கத்துச் சன்னலையும் நானே திறப்பேன். இயற்பியல் எனக்குப் பாதிதான் தெரியும்; மீதியைத் தெரிந்துகொள்வேன். ஊசலும் தராசும் வெப்பமானியும் நாம் இருவரும் தினமும் செய்வோம். உனக்கு அனுமதி வந்தாலும் செய்வோம், வராவிட்டாலும் செய்வோம். நான் உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

இன்னொரு வேலையும் எனக்கு இருக்கிறது. அந்தக் குழுவில் யாருக்கும் டீச்சர் போனது தெரியாது. மார்கழியில் மார்கரெட் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதில் போகவில்லை. அவர்கள் பதறியிருக்க மாட்டார்கள். திருமதி கோமு எப்போதும் தாமதமாகத்தான் எழுதுவார், வரட்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். இதோ, இந்த நேரத்திலும் காத்துக்கொண்டிருப்பார்கள். நாளைச் சனிக்கிழமை நான் போய் அவர்களுக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஐயா, இனி நான் பேசுவது உங்களிடம் மட்டும். இந்த ஊரில் கோமு டீச்சரின் கடிதங்கள் அத்தனையும் படித்தவர் ஒரே ஒருவர்தான். நான்கூட எல்லாவற்றையும் படித்ததில்லை. அது நீங்கள்தான். வெப்பமானியைப் பற்றிக் கேட்டதும் நீங்கள்தான். உங்களுக்குத்தான் பதில் வந்தது.

மாலையில் அந்தக் கடிதத்தை உங்கள் மேசைக்குக் கொண்டுவருவேன், உரிய வழியாக. கோமு டீச்சர் காலமானார் என்ற வரியை எழுதிவிட்டேன். அதைப் படித்ததும் அவர்கள் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் தேர்வு எழுதுகிறாளா?

அதற்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், ஐயா. அதை நான் எழுத முடியாது.